உடைந்த வாயை மூடாமல் வைத்த வெல்டிங்

பிரேக்டவுன் வேனில் புதிதாக ஏறியிருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் என்னைச் சந்தேகப் பிராணி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளுங்கள். "வண்டி தானா நின்னுபோச்சு" என்று யாராவது போனில் சொன்னால், தானாக நிற்பதற்கு அது என்ன எருமையா என்று கேட்கிற ஆள்தான் நான். ரிட்டையர் ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் மிக்ஸி நின்றால்கூட முதலில் யார் கடைசியாகத் தொட்டது என்றுதான் கேட்கிறேன், அதற்கு என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேளுங்கள். நடுவழியில் நின்ற வண்டியைச் சுற்றி நிற்கிறவர்களில் முழு உண்மை சொல்கிறவர் யாரும் கிடையாது. எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. டிரைவருக்கு முதலாளி பயம், முதலாளிக்கு போலீஸ் பயம், போகிற வருகிறவனுக்கு நம்மை எதற்காவது சாட்சிக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம். பயந்தவன் பாதியைத்தான் சொல்வான். மீதியை இரும்புதான் சொல்லும். அந்த இரும்பைப் பார்ப்பதற்கு முன்னால் நாம் வெல்டிங் வைத்து மூடிவிட்டால், கதை முடிந்தது.

பேட்டரி வெல்டிங்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். இப்போது உங்கள் வேனிலேயே ஜெனரேட்டர் இருக்கிறது, உங்களுக்கு என்ன கவலை! தொண்ணூறுகளில் எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. கரண்டு இல்லாத காட்டுப் பாதையில் இரும்பு உடைந்தால், அங்கே நிற்கிற வண்டிகளின் பேட்டரிகளைக் கழற்றி, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, அந்தக் கரண்டில் வெல்டிங் வைப்போம். இரண்டு இருந்தால் தட்டுத் தடுமாறி ஒட்டும், மூன்று இருந்தால் நன்றாகப் பிடிக்கும். எப்படிக் கோப்பது என்பதை உங்கள் ஃபோர்மேன் சொல்லித் தருவார். கண்ணுக்கு வெல்டிங் வைக்கிற கறுப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள் என்பதை மட்டும் நான் சொல்லிவைக்கிறேன். எங்கள் ஏரியா நீலசந்திராவில் நான் தொழில் கற்ற ஷெட்டில் ஒரு பிரகஸ்பதி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் வைத்துவிட்டு, கண்ணில் மிளகாய்ப்பொடி கொட்டின மாதிரி அலறியது ஏரியா முழுக்கக் கேட்டது.

நான் சொல்ல வருவது ஆனேக்கல் தாண்டி, காட்டு ஓரத்தில் நின்ற ஒரு ஜீப்பைப் பற்றி. அப்போது எனக்கு சந்தாபுராவில் ஒரு ஷெட்டில் வேலை. ஹெப்பகோடியில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி இருந்தது, கம்பம் நட்டு ஒயர் இழுக்கிற கம்பெனி. அவர்களுடைய ஜீப் எங்களிடம் வராது. எங்கோ வெளியில் காட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் மத்தியானம் ஒரு கிராமத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வந்தது. ஸ்டியரிங் போய்விட்டது, உடனே வாருங்கள் என்று. இத்தனை நாள் வராதவர்கள் இன்றைக்கு ஏன் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் எங்கள் பழைய வேனைக் கிளப்பினேன்.

போய்ப் பார்த்தால், ராகிக் கொல்லை வரப்பில் மூக்கை இடித்துக்கொண்டு ஜீப் நிற்கிறது. முன்சக்கரம் இரண்டும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கிடந்தன. அப்படி என்றாலே டை ராடு போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கம்பி அது. அது உடைந்தால் வண்டியை ஓட்டவும் முடியாது, கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. பின்னால் உட்கார்ந்து வந்த வேலையாள் ஒருவருக்குக் கை முறிந்து, அவரை ஆனேக்கல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மற்ற வேலையாட்கள் மரத்தடியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் தங்கவேல் ஓடிவந்தார். ஈரோட்டுப் பக்கத்து ஆள்.

"வாங்க மேஸ்திரி, வாங்க. யானை எறங்கற நேரமுங்க. பேசாம ஒரு வெல்டிங்க வெச்சு உட்டீங்கன்னா கெளம்பிறலாம். இந்த டிரைவர் குடிச்சுப்போட்டு ஓட்டி வரப்புல கொண்டுபோய் ஏத்திப்போட்டானுங்க. இடிச்ச இடியில ராடு ஒடைஞ்சு, ஒருத்தன் கையும் போச்சு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தம்னா லைசென்ஸும் காலி, ஆளும் உள்ள போகோணும்."

டிரைவர் பெயர் ஏழுமலை. ஜீப்புக்கு அடியில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் படுத்திருந்தான். டை ராடு உடைந்த இடத்தில் தன் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன் மேல் கையை வைத்திருந்தான்.

"என்னாணா பாக்கறீங்க? ராடு ஒடஞ்சுதான் வண்டி இழுத்துக்கினு போச்சு. வண்டி இடிச்சு ராடு ஒடையல. உங்கள அங்க பாத்திருக்கேன், நானும் நீலசந்திராதான்ணா, பொய் சொல்ல மாட்டேன்."

விஷயம் இவ்வளவுதான். ராடு முதலில் உடைந்ததா, வண்டி முதலில் இடித்ததா? ராடு முதலில் என்றால் அவன் மேல் தப்பு இல்லை. இடித்தது முதலில் என்றால் அவனுக்கு ஜெயில்.

நான் அவன் பக்கம் சாய்ந்தேன் என்று நினைத்தால் நீங்கள் என்னைத் தெரிந்துகொண்ட லட்சணம் அவ்வளவுதான். ஒரே ஏரியா என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் ஏதோ காரியத்துக்குத்தான் வருவான் என்பது என் கட்சி. முதலில் குனிந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தேன். ஆமாம், பார்த்தேன், அதில் என்ன வெட்கம்? வெற்றிலை வாசனைதான் வந்தது.

"துண்டை அவுரு."

"மாட்டேன்ணா. வெல்டு வெக்காதீங்க. அப்படியே கெடக்கட்டும். ஸ்டேஷன்லேர்ந்து ஆளு வந்து பாக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. தன் வண்டி நகரவே வேண்டாம் என்று சொல்கிற டிரைவரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? ஏதாவது சம்பளத் தகராறில் ராடை அறுத்து வைத்துவிட்டு, இப்போது அறுத்த தடத்தை மறைக்கிறானோ என்று தோன்றியது. அவன் டூல் பையைத் திறந்து பார்த்தேன். ஹாக்ஸா பிளேடு ஒன்று இருந்தது. பல்லெல்லாம் துரு ஏறிப் போய், கொத்தமல்லிக் கட்டைக்கூட அறுக்காத நிலையில் இருந்தது. இருந்தாலும் அவன் மேல் வைத்த கண்ணை நான் எடுக்கவில்லை.

வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நாளைக்குப் புது ராடோடு வரலாமே என்று தங்கவேலைக் கேட்டேன். பதில் வேறொருவர் சொன்னார். முனியப்பா என்று, அந்த ராகிக் கொல்லைக்காரர். கன்னடம் கலந்த தமிழ், டிராக்டரில் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேடா ஸ்வாமி, விட வேண்டாம். ஆனே வந்தா இந்த ஜீப்பை ஃபுட்பால் ஆடும். நம்ம ஊருக்கு இருக்கிறதே இது ஒண்ணுதான் ரஸ்தா, அதையும் அடைச்சு நிக்குது. எப்படியாவது எடுங்க."

ஆக வண்டியை எடுத்தாக வேண்டும். மூன்று பேட்டரி வேண்டும். என் வேனில் ஒன்று, ஜீப்பில் ஒன்று, முனியப்பாவின் டிராக்டரில் ஒன்று.

இங்கேதான் எனக்கு இரண்டாவது உறுத்தல் வந்தது. பேட்டரி வெல்டிங் என்றால் எல்லோரும் முதலில் தயங்குவார்கள். பேட்டரி செத்துப்போகுமே என்று புலம்பாத ஓனரை நான் பார்த்ததில்லை. முனியப்பாகூட, "செத்துப்போனா யார் ஜவாப்தாரி?" என்று கேட்டு, கல்லால் தன் பேட்டரியில் மூன்று கீறல் போட்டு அடையாளம் வைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அதுதான் மனுஷ சுபாவம். தங்கவேலோ தானே பானெட்டைத் திறந்து, தானே ஸ்பேனர் பிடித்து, வெள்ளைச் சட்டையில் கறை பட பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"முனைய நல்லா அரம் போட்டு ராவிப்போட்டு வையுங்க மேஸ்திரி. துரு கிருன்னு எதும் இருக்கப்படாது. பளபளன்னு இருக்கோணும்."

அவர் சொன்னது தொழில்படி சரி. உடைந்த முனையை ராவிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். சரியாக இருந்ததுதான் எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. கம்பம் நடுகிற சூப்பர்வைசருக்கு ராவுவதைப் பற்றி என்ன அக்கறை? துண்டு கட்டியிருக்கிற ராடில் துரு இருக்கிறது என்று இவருக்கு யார் சொன்னது?

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. உடைந்ததை ஒட்டுவதற்கு முன்னால், அங்கே இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு உடைந்த வாயை, அதாவது இரும்பு முறிந்த முகத்தை, காட்டிவிட வேண்டும். நீதான் கழற்றும்போது உடைத்தாய் என்று பிறகு நம் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். நல்ல எண்ணத்தில் வந்தது இல்லை, முழுக்க முழுக்க அவநம்பிக்கையில் பிறந்தது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

"எல்லாரும் வாங்க. உடைஞ்ச வாயைப் பார்க்காம நான் வெல்டிங் ஹோல்டரைத் தொட மாட்டேன்" என்றேன்.

"எல்லாரும்னா முனியப்பாவருமா?" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து ஏழுமலை கேட்டான்.

"அவரும்தான்."

அதற்குப் பிறகுதான் துண்டை அவிழ்த்தான். நாங்கள் குனிந்து பார்த்தோம். அறுத்த தடம் எதுவும் இல்லை. உடைந்த முகத்தில் ஒரு பாதி புதுசாக, சர்க்கரைக் கட்டி உடைந்த மாதிரி மின்னியது. அது அன்றைக்கு உடைந்தது. மற்றப் பாதி கறுத்து, துரு ஏறி இருந்தது. அது என்றைக்கோ விரிசல் விட்டது. அந்தத் துருவுக்கு மேலேயே, உள்ளே தள்ளி, கறுப்பு பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. பெயின்ட் அடிக்கிற அன்றைக்கே விரிசல் வாயைத் திறந்துகொண்டிருந்தால்தான் பெயின்ட் அவ்வளவு உள்ளே போக முடியும். ராடு பாதி உயிரோடுதான் ஓடியிருக்கிறது.

"யார் பெயின்ட் அடிச்சது?" என்றேன்.

"எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியக் காட்றதுக்கு முன்னாடி சார்தான்ணா அடிக்கச் சொன்னாரு. ராடுல கோடு மாதிரி தெரியுது சார்னு அன்னிக்கே சொன்னேன். அடிச்சு மூடு, அப்பறம் மாத்திக்கலாம்னாரு. நான் மாட்டேன்னதும் வேற ஆள வச்சு அடிச்சாரு."

"பொய்யிங்க மேஸ்திரி, சுத்தப் பொய்யி" என்றார் தங்கவேல். முகத்தில் வேர்வை. "பாத்தாச்சல்லொ? ராவுங்க, நேரமாச்சு."

முனியப்பா இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "பெயின்ட் ஒளகே, உள்ளே இருக்குது ஸ்வாமி" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஏழுமலை என் காலைப் பிடிக்காத குறை. "இத ராவிட்டீங்கன்னா எனக்கு வேற சாட்சி இல்லணா. அங்க உக்காந்திருக்கறவங்க அவரு கிட்ட வேல செய்யறவங்க, வாய தொறக்க மாட்டாங்க. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்கணா."

அந்த நேரம் பார்த்துக் கொல்லையின் அந்தக் கோடியில் பட்டாசு வெடித்தது. ஊர்க்காரர்கள் யானையை விரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் இன்னும் மரத்து உச்சியில் இருந்தது, ஆனால் முனியப்பாவின் முகம் மாறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ராவி ஒட்டினால் வண்டி போகும், அவன் வாழ்க்கை போகும். ஒட்டாமல் விட்டால், யானை மிதிக்காவிட்டாலும் விடிவதற்குள் யாராவது ஒருவர் அரத்தோடு வந்து அந்த முகத்தை ராவிவிட்டுப் போவார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு ராடு மாற்றச் சோம்பல்பட்டு எத்தனை பேரைக் கொண்டுவந்து காட்டில் நிறுத்தியிருக்கிறார்கள்!

ஜீப்பின் பின்னால் எட்டிப் பார்த்தேன். கம்பத்தில் மாட்டுகிற இரும்பு ஆங்கிள் துண்டுகள் கிடந்தன. கை முறிந்தால் என்ன செய்கிறார்கள்? முறிந்த இடத்தைக் கிளறுவதில்லை. இரண்டு பக்கமும் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிறார்கள். நானும் அதைத்தான் செய்வதென்று முடிவு செய்தேன். இரண்டு ஆங்கிளை ராடின் இரண்டு பக்கமும் வைத்து, உடைந்த வாயை விட்டு எட்டத் தள்ளி, நல்ல இரும்பில் மட்டும் வெல்டிங் வைப்பது. வாய் நடுவில் அப்படியே இருக்கும். ஒரு பொறிகூட அதில் படாமல் ஏழுமலையின் துண்டையே நனைத்துச் சுற்றிவைத்தேன்.

பேட்டரிகளைக் கோத்து நிமிர்ந்தால், முனியப்பா தன் பேட்டரிக்குப் பக்கத்தில் குந்தி, குடையை அதற்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு, வாயில் பீடியைப் பற்றவைத்திருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. வேலை செய்கிற பேட்டரியிலிருந்து வருகிற காற்று தீயைக் கண்டால் குண்டு மாதிரி வெடிக்கும்.

"பீடி பேடா! எறிங்க அத! தள்ளிப் போங்க!"

"நான் தள்ளிப் போனா நீங்க பேட்டரி மாத்திட்டா?"

"யோவ், பேட்டரியும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே!"

பீடியை மிதித்து அணைத்தார். தள்ளிப் போனார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு ஏனோ அவரைப் பிடித்துப்போனது.

வெல்டிங் வைத்தேன். கேபிள் சுட்டது, பேட்டரி சுட்டது. போகப் போகக் கரண்டு இறங்கி, வெல்டிங் ராடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. என் வெல்டிங்கையும் நான் நம்புகிறவன் இல்லை. முடித்ததும் சுத்தியால் ஓங்கி அடித்தேன். ஒரு பக்கம் விட்டுக்கொண்டு வந்தது. சபித்துக்கொண்டே மறுபடி வைத்தேன். இரண்டாவது அடிக்குத் தாங்கியது.

"இது தாங்குமுங்களா? ராவி வெச்சிருந்தா..." என்று தங்கவேல் ஆரம்பித்தார்.

"தாங்கலேன்னா நான்தான் சாவேன். நான்தான் ஓட்டப்போறேன். வேற யாரும் ஏறக் கூடாது" என்றேன்.

நடந்ததைக் கேளுங்கள். நான் ராடைக் கழற்றி எறிந்துவிடுவேனோ என்று ஏழுமலை பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். இரண்டு நீலசந்திராக்காரர்கள் தனியாகப் போனால் என்ன பேசிவைத்துக்கொள்வார்களோ என்று தங்கவேல் பின்னால் ஏறிக்கொண்டார். திட்டினேன், இரண்டு பேரும் இறங்கவில்லை. வேலையாட்களை என் வேனில் ஏற்றி, அவர்களில் ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் எங்கே ஓட்டிக்கொண்டு போவாரோ என்று அது வேறு கவலை. கீறல் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துப் பேட்டரியை மாட்டிக்கொண்ட முனியப்பா, சார்ஜ் எவ்வளவு தின்றோமோ என்ற விசாரத்தோடு டிராக்டரில் எங்கள் பின்னாலேயே வந்தார். தாங்குமோ தாங்காதோ என்கிற வண்டியில் யாரையும் நம்பாத மூன்று பேர், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஸ்டியரிங் என் கையில் நடுங்கியது. நடுங்கியது ஸ்டியரிங்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

தார் ரோடு வந்ததும் தங்கவேலுக்குக் குரல் வந்தது.

"நேரா சந்தாபுரா ஷெட்டுக்குப் போயிருங்க. போனதும் அந்த ராடக் கழட்டிக் காயலாங்கடைல போட்டுட்டுப் புதுசு மாட்டிருங்க. இனிமே கம்பெனி வண்டி அத்தனையும் உங்க ஷெட்டுக்குத்தானுங்க."

"சரிங்க சார்" என்றேன்.

ஆனேக்கல் ஸ்டேஷன் வந்தது. இண்டிகேட்டர் போட்டு, ஜீப்பை உள்ளே திருப்பி, வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

"ஏனுங்க, எங்கீங்க திருப்பறீங்க?"

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. போய் எழுதிக் குடுங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்." சாவியைக் கழற்றி, வாசலில் நின்ற ஏட்டய்யாவின் கையில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் ஏற்கெனவே வந்திருந்தது. மறுநாள் மோட்டார் வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். முனியப்பா யாரும் கூப்பிடாமலே வந்து பார்த்ததைச் சொன்னார். ஏழுமலை லைசென்ஸோடு வெளியே வந்தான். வேறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்வி. தங்கவேலுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கம்பெனி வண்டி ஒன்றுகூட எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை, அது மட்டும் தெரியும்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அன்றைக்குச் சாயங்காலம் அந்த ஸ்டேஷன் வாசலில் நடந்தது. தங்கவேல் உள்ளே போயிருந்தார். அவ்வளவு செய்திருக்கிறேன், ஒரு கும்பிடாவது போடுவான் என்று ஏழுமலையைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. விடுவிடுவென்று ஜீப்புக்கு அடியில் புகுந்து, துண்டை அவிழ்த்து, இரண்டு ஆங்கிளுக்கும் நடுவில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்டா, என்னையும் நம்பலையா?"

அடியிலிருந்தே பதில் வந்தது. கோபமில்லாமல்தான் சொன்னான். "எப்படிணா நம்பறது? நீங்களும் வந்ததும் ராடப் பாக்கலியே. என் வாயத்தான மொதல்ல மோந்து பாத்தீங்க."

எங்கள் பின்னாலேயே ஒழுங்காக வந்து நின்றிருந்த வேனிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் மண்ணில் படுத்து வெளிச்சம் காட்டினேன். பெயின்ட் உள்ளே அப்படியே இருந்தது.